சாவிக்கொத்துக்கு முன்னால்: வலிப்பைப் பழக்கத்தால் குறைக்க முடியுமா?

சிவராத்திரிக்கு மறுநாள் காலை, மயிலாப்பூர் லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்பில் என் அத்தை மகன் விழுந்தான். அப்போது அவன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. கண் மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ வீட்டுச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். ஆட்டோக்காரர் ஸ்பேனரோடு ஓடி வந்தார். டீக்கடையிலிருந்து இரும்புக் கரண்டி வந்தது. என் பைக் சாவியும் அந்தக் கையில் இருந்தது என்று இப்போது சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றரை நிமிடம் போல உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, அப்புறம் அடங்கியது. “பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு” என்றார் ஆட்டோக்காரர். அத்தை இன்றுவரை அந்த டீக்கடைக் கரண்டியைத்தான் நம்புகிறார்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். கையில் இரும்பு இருந்தாலும் நிற்கும், வாழைப்பழம் இருந்தாலும் நிற்கும். நிற்கப்போகிற நேரத்தில் எது வந்து சேர்கிறதோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது. இந்தச் சாவிக்கொத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேறு சில இடங்களிலும் அது தேவைப்படும்.

வலிப்பு வந்துவிட்ட பிறகு பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கு அடியில் துண்டோ பையோ வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் உட்பட. கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. அவ்வளவுதான்.

ஆனால் வலிப்புக்கு முந்தைய நேரம் இருக்கிறதே, அது பெரியது. சிலருக்கு அது சில நொடிகள், சிலருக்கு ஒரு இரவு, சிலருக்கு ஒரு வாரம். அந்த நேரத்தில் நாம் எப்படித் தூங்குகிறோம், என்ன சாப்பிடுகிறோம், எதை முகர்கிறோம், எப்படி மூச்சு விடுகிறோம் என்பதை மாற்றி வலிப்பின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்ப்பதைத்தான் நடத்தை சார்ந்த வழிகள் என்கிறார்கள். பேர்தான் பெரிசு. பாதி விஷயம் வீட்டுச் சமாச்சாரம்.

முதலில் வலிப்பு என்றால் என்ன? லண்டன் மருத்துவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் 1873இல் சொன்ன விளக்கம் இன்னும் பழசாகவில்லை: மூளையின் சாம்பல் நிறப் பொருளில் எப்போதாவது, திடீரென்று, அளவுக்கு மீறி, வேகமாக, ஓரிடத்தில் நிகழும் வெளிப்பாய்ச்சல். நம்ம ஊர் உதாரணம் வேண்டுமென்றால் சேப்பாக்கம் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் ஒருவர் சமோசா சாப்பிடுவார், ஒருவர் ஸ்கோர் கேட்பார், ஒருவர் போனில் பேசுவார். மொத்தத்தில் ஒரு இரைச்சல். மூளை ஒழுங்காக வேலை செய்யும்போது இப்படித்தான், ஆளுக்கொரு வேலை. திடீரென்று ஒரு மூலையில் பத்துப் பேர் தாளம் போட்டுக் கைதட்ட ஆரம்பிக்கிறார்கள். பக்கத்து வரிசை சும்மா இருந்தால் உடனே சேர்ந்துகொள்ளும், அதற்கடுத்த வரிசையும் சேரும், கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க ஒரே தாளம். மூளை செல்கள் இப்படி ஒரே தாளத்தில் மாட்டிக்கொள்வதுதான் வலிப்பு. பக்கத்து வரிசை வேறு ஏதாவது வேலையில் மும்முரமாக இருந்தால் கைதட்டல் அந்தப் பத்துப் பேரோடு நின்றுவிடவும் கூடும். நடத்தை சார்ந்த வழிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்தப் பக்கத்து வரிசையைத்தான் குறிவைக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை எதுவும் மாத்திரைக்குப் பதில் அல்ல. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சமிருப்பவர்களுக்கு மாத்திரை போட்டும் வலிப்பு வருகிறது. பழக்கங்கள் அவர்களுக்கும் கூடுதல் துணை, மாத்திரையால் அடங்கியிருப்பவர்களுக்கும் கூடுதல் காவல். யோகா ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். உயிருக்கே ஆபத்து.

சரி, அத்தை மகன் கதைக்கு வருவோம். அவன் விழுந்ததற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே அந்த வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்துகொண்டிருந்தது. காலையில் காபி கொடுத்தால் டம்ளரை நழுவ விடுவான். கை ஒரு வெட்டு வெட்டும், காபி பறக்கும். “ராத்திரி பூரா போன நோண்டினா காலையில கை நிக்குமா?” என்று அத்தை திட்டுவார். பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்று ஒரு வகை உண்டு. பதின்ம வயதில் ஆரம்பிக்கும். எழுந்த சற்று நேரத்துக்குள் கைகள் வெடுக்கென்று உதறும்; டம்ளர், பிரஷ், சீப்பு என்று கையில் இருப்பது விழும். இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் காலை பெரிய வலிப்பாகவே வரும். அவன் சிவராத்திரிக்கு நான்கு காலமும் விழித்திருந்துவிட்டு, தூங்காமல் காலேஜுக்குக் கிளம்பியவன். நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “காலையில கையிலிருந்து சாமான் விழுமா?” என்பதுதான். அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தூண்டுதல்களில் தூக்கமின்மைக்கு எப்போதும் முன்வரிசை. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு, மாத்திரையைத் தவற விடுவது. சென்னையில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அலட்சியத்தால் மட்டுமல்ல. ஓஎம்ஆர் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்பதே குழப்பம், எது காலை? ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்கும் அம்மா, வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம் என்று தள்ளிப்போடுவார். ஊருக்குப் போகும்போது எழும்பூரில் ரயில் ஏறிய பிறகுதான் மாத்திரைப் பெட்டி வீட்டில் இருப்பது நினைவுக்கு வரும். போனில் அலாரம், வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா, பர்ஸில் ஒரு நாள் மாத்திரை கூடுதலாக: கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் இனி வரப்போகிற பூனையையும் ராக்கெட்டையும்விட இந்த டப்பா அதிகப் பேரைக் காப்பாற்றும். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, வேளையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம்.

மது இன்னொன்று. குடித்த அன்றைவிட, போதை இறங்கும் நேரத்திலும் மறுநாளிலும் ஆபத்து அதிகம். கூடவே தூக்கமும் போயிருக்கும், மாத்திரையும் போயிருக்கும், மூன்றும் சேர்ந்துகொள்ளும். சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் வலிப்பு கூடும். தேதி குறித்து வைத்தால்தான் இது தெரியவரும்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு தூண்டுதல்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகளில் இவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஒன்று வெந்நீர். சூடான தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றும்போது வலிப்பு வரும் ஒரு வகை, தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நம் வீடுகளிலும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இதற்கான முதல் வைத்தியமே நடத்தைதான்: வெதுவெதுப்பான தண்ணீர், தலையில் கடகடவென்று ஊற்றாமல் ஈரத்துண்டால் துடைத்துக் குளிப்பது. அது போதாதவர்களுக்கு மருத்துவர் மாத்திரை தருவார். எந்த வகை வலிப்பாக இருந்தாலும் பாத்ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும். சளி பிடித்தால் வெந்நீரில் தைலம் விட்டு ஆவி பிடிப்பது, நெற்றியிலும் மார்பிலும் கற்பூரம் கலந்த தைலம் தேய்ப்பது நமக்குக் கை பழகிய வேலை. ஆனால் கற்பூரம் வலிப்பைத் தூண்டக்கூடிய பொருள். ஹங்கேரி மருத்துவர் லாடிஸ்லாஸ் மெடுனா 1934இல் மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவழைக்கப் பயன்படுத்தியதே கற்பூர ஊசியைத்தான். யூகலிப்டஸ் தைலத்தாலும் வலிப்பு வந்ததாகத் தென்னிந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர் வீட்டில், குறிப்பாகக் குழந்தை என்றால், ஆவி பிடிக்க வெறும் வெந்நீர் போதும்.

விளக்கு வெளிச்சத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். உண்மையில் மினுங்கும் ஒளியால் வலிப்பு வருவது வலிப்பு உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான். ஜப்பானில் 1997 டிசம்பரில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதிலிருந்து இந்தப் பேச்சு பெரிதாயிற்று. இந்த வகை இருப்பவர்களுக்கு ஒரு கைவித்தை உண்டு. கல்யாண வீட்டு டிஜே விளக்கோ, ரயில் ஜன்னலில் மரங்களுக்கு இடையே வெட்டி வெட்டி அடிக்கும் வெயிலோ எதிர்ப்பட்டால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணையும் வெறுமனே இறுக மூடினால் போதாது, இமை வழியாகவே மினுக்கல் உள்ளே போகும்.

இவற்றில் யாருக்கு எது பொருந்தும்? அதற்குத்தான் குறிப்பு எழுதுவது. அத்தை வீட்டில் இதற்காக நோட்டு எதுவும் வாங்கவில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல் வைத்துக்கொண்டார்கள். ராகு காலத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் பென்சிலால் இரண்டு டிக், காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும். பக்கத்தில் தூங்கிய மணி. கை உதறினால் ஒரு சுழி. மூன்று மாதத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோய் மருத்துவர் மேசையில் வைத்தார்கள். சுழி இருந்த தாள்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் தூக்கம் ஐந்து மணிக்குக் கீழே. அவன் அதுவரை பரீட்சை டென்ஷன்தான் காரணம் என்று சாதித்துக்கொண்டிருந்தான். பரீட்சை காரணமாக இருந்தாலும், அது தூக்கத்தின் வழியாகத்தான் வந்தது.

இது வரைக்கும் தடுப்பு வேலை. அடுத்தது இன்னும் சுவாரசியமானது: ஆரம்பித்துவிட்ட வலிப்பைப் பாதியில் நிறுத்த முடியுமா?

சிலருக்கு வலிப்பு ஓர் எச்சரிக்கையோடு வரும். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பி வரும், இல்லாத நாற்றம் மூக்கில் அடிக்கும், இதே இடத்தில் இதே பேச்சை முன்பே கேட்டது போலிருக்கும், ஒரு விரல் மட்டும் துடிக்கும். உண்மையில் அந்த எச்சரிக்கையே ஒரு சின்ன வலிப்புதான். மைதானத்தின் ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கிவிட்டது. விரலில் ஆரம்பித்துக் கை வழியாக ஏறும் வலிப்பை, கையை இறுகக் கட்டியோ தேய்த்தோ சிலர் நிறுத்திக்கொள்வதை 19ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது மருத்துவர் ராபர்ட் எஃப்ரான் 1956, 1957இல் எழுதிய ஒரு பாடகியின் கதை. அவருக்கு வலிப்பு வருமுன் இல்லாத வாசனை ஒன்று தோன்றும். அந்த நேரத்தில் கடுமையான வேறொரு வாசனையை முகர்ந்தால் வலிப்பு வளராமல் அப்படியே அடங்கிவிடும். எஃப்ரான் எடுத்துக்கொண்டது மல்லிகை அத்தர். முகரும்போதெல்லாம் ஒரு கைவளையையும் பார்க்கச் சொன்னார். பல நாள் பழக்கத்துக்குப் பிறகு அத்தர் இல்லாமல் வளையைப் பார்த்தாலே வலிப்பு நின்றது. கடைசியில் வளையை மனதில் நினைத்தாலே போதும் என்றாயிற்று. பக்கத்து வரிசைக்கு வேறு வேலை கொடுத்தாகிவிட்டது, கைதட்டல் பரவவில்லை.

உடனே “அப்ப வெங்காயம், செருப்பு முகர வைக்கிறது சரிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பாடகி முகர்ந்தது வலிப்பு பரவுவதற்கு முன், நினைவோடு, தானே. தெருவில் செருப்பு வருவது எல்லாம் முடிந்து நினைவு போன பிறகு. மேலும் அது ஒரே ஒருவர், ஒரே வகை வலிப்பு. எச்சரிக்கை வராதவர்களுக்கும், ஆரம்பமே உடம்பு முழுவதற்கும் பரவுகிற வகைக்கும் இந்த வழி கைகொடுக்காது.

அப்புறம் மன அழுத்தம். யோகா, தியானம், மூச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் இங்கேதான் வருகின்றன. இங்கேதான் சாவிக்கொத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். வலிப்பு ஏறி இறங்கும் நோய். ரொம்ப மோசமான மாதத்தில்தான் மனிதர்கள் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பார்கள். அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் குறையும். பேர் புதிதாக வந்ததற்குப் போகும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழுவுக்குத் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி; இன்னொரு குழுவுக்குத் தளர்த்தல் இல்லாத, கவனத்தைக் குவிக்கும் வெறும் பயிற்சி. முதல் குழுவில் வலிப்பு 29 சதவீதம் குறைந்தது. ஆனால் இரண்டாவதிலும் 25 சதவீதம் குறைந்தது! பயிற்சியா, தினமும் குறிப்பு எழுதியதா, ஒருவர் அக்கறையாக விசாரித்ததா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

யோகாவுக்கு நிலைமை கொஞ்சம் மேல். டெல்லி எய்ம்ஸில் 160 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு யோகாவும் மறு பாதிக்கு யோகா போலவே தோன்றும் போலிப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு பாதிக்கு மேல் குறையும் வாய்ப்பு யோகா குழுவுக்கு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. நோயைப் பற்றிய கூச்சமும் குறைந்தது. நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கூச்சம் குறைவது சாதாரண லாபமல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை: வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சிகளைக் கேட்காமல் செய்யக் கூடாது. மூளையின் மின்அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கும்போது குழந்தைகளை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வதே, மறைந்திருக்கும் வலிப்பை வெளியே கொண்டுவரத்தான்.

‘அமைதியாக இருந்தால் வலிப்பு வராது’ என்பதும் எல்லோருக்கும் உண்மை இல்லை. சிலருக்குக் கண் சொக்கும் நேரத்திலும், வேலை முடிந்து தளர்ந்து உட்காரும் நேரத்திலும்தான் வரும். யோகோ நாகாய் என்ற ஆய்வாளர் இதை நேர் எதிராகத் திருப்பினார். விரலில் ஒரு சென்சார், எதிரே திரையில் ஒரு படம். தோலின் மின்கடத்தும் தன்மை கூடும்போது, அதாவது உடம்பு விழிப்பாக இருக்கும்போது, படம் நகரும். அதை நகர்த்தப் பழகுவதுதான் பயிற்சி. 2004இல் வெளியான முதல் ஆய்வில் வலிப்பு குறைந்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் 18 பேர் மட்டும்.

பூனையும் ராக்கெட்டும் என்றேனே. 1960களில் பேரி ஸ்டெர்மன் என்ற அமெரிக்கர் மூளையில் ஒரு குறிப்பிட்ட அலை, நொடிக்கு 12 முதல் 15 வரை, தோன்றினால் மட்டும் தீனி கிடைக்கும் என்று பூனைகளைப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் வேறொரு வேலையில், பழக்கப்பட்ட பூனைகளுக்கு மற்றவற்றைவிடத் தாமதமாகத்தான் வலிப்பு வந்தது. 1972இல் இதே பயிற்சியை ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுத்து வலிப்பு குறைந்ததை எழுதினார். நியூரோஃபீட்பேக் என்று இன்று விற்கப்படுவதன் வேர் இதுதான். கதை அழகு. ஆனால் நிறைய அமர்வுகள் வேண்டும், நல்ல செலவு, சான்றுகள் சின்னச் சின்ன ஆய்வுகள். ‘வலிப்பு நிச்சயம் குணமாகும்’ என்று யாராவது பேக்கேஜ் நீட்டினால் நான் சாவிக்கொத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வலிப்பு போலவே தெரியும், ஆனால் மூளையில் அந்த மின்பாய்ச்சல் இல்லாத தாக்குதல்களும் உண்டு. அது நடிப்பு அல்ல. அவர் வேண்டுமென்று செய்வதில்லை. வீடியோவோடு சேர்த்து இ.இ.ஜி. எடுத்தால் பிரித்துச் சொல்லலாம். அங்கே வலிப்பு மாத்திரை பயன்படாது, பேச்சு வழியிலான சிகிச்சைதான் முதன்மை. அதனால் வீட்டில் யாராவது தாக்குதலைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் மருத்துவருக்குப் பேருதவி. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனாலும் சரி, தனியாரிடம் போனாலும் சரி, அந்தப் படத்தையும் குறிப்புத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

அத்தை மகன் இப்போது வேலைக்குப் போகிறான். நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான், பைக் ஓட்டுவதில்லை, மின்சார ரயிலில் படிக்கட்டுப் பக்கம் நிற்பதில்லை. இந்த வருஷமும் சிவராத்திரிக்குக் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். முதல் கால பூஜை முடிந்ததும் வாட்சைப் பார்த்தான். “இன்னும் மூணு காலம் இருக்கேடா” என்றார் அத்தை. “எனக்கும் சேர்த்து நீ பாரும்மா” என்று சொல்லிவிட்டு, தெற்கு மாட வீதியில் ஆட்டோ பிடித்துத் தூங்கப் போய்விட்டான்.